ஒளிவினை எரிபொருள் கலம்: வோல்ட் காட்டுகிறது, மின்னோட்டம் இல்லை

கேள்வி:
ஒளி பட்டால் கழிவுநீரிலுள்ள கரிம மாசைச் சிதைத்து மின்சாரம் தரும் கலம் ஒன்று செய்தேன். எஃப்டிஓ (மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள) கண்ணாடியில் 25 சதுர செ.மீ. பரப்புக்கு டைட்டானியம் டை ஆக்சைடு பூசி, 450 டிகிரி செல்சியஸில் சுட்டது ஆனோடு. கேத்தோடு வெறும் கார்பன் துணி. அரை லிட்டர் சாயக் கழிவுநீர், சிஓடி (மாசை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 300 மி.கி. வெயிலில் திறந்த சுற்றில் (எதையும் இணைக்காமல்) 0.7 வோல்ட் வருகிறது. 100 ஓம் மின்தடையை மாட்டினால் 20 மில்லிவோல்ட்டுக்கு விழுந்துவிடுகிறது. எங்கே கோளாறு? இதில் எல்இடி எரியுமா?

பதில் 1:
20 மில்லிவோல்ட், 100 ஓம் என்றால் 0.2 மில்லிஆம்பியர். முதலில் நீரின் கடத்துதிறனைப் பாருங்கள். குறைவாக இருந்தால் அரை லிட்டருக்கு 7.1 கிராம் நீரற்ற சோடியம் சல்பேட் போடுங்கள் (0.1 மோலார்). மின்முனைகளுக்கு நடுவே 1 செ.மீ. இடைவெளி போதும்.

அடுத்த சந்தேகம் கேத்தோடு. வெறும் கார்பனில் ஆக்சிஜன் ஒடுக்கம் (ஆக்சிஜன் எலக்ட்ரானை ஏற்கும் வினை) மந்தம். அதைக் கழற்றிவிட்டு பிளாட்டினம் பூசியதை மாட்டிப் பாருங்கள். மின்னோட்டம் எகிறினால் குற்றவாளி அதுதான். காற்றுக் குமிழியைக் கேத்தோடு பக்கம் மட்டும் விடுங்கள். ஆனோடு பக்கம் போனால் ஆக்சிஜன் அங்கேயே எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும்: நிறம் வெளுக்கும், கம்பியில் ஒன்றும் வராது.

ஒளி எதன் வழியாக உள்ளே போகிறது?

கேட்டவர்:
முன்பக்கம் பாலிகார்பனேட் தகடு. அதற்குப் பின் 3 செ.மீ. சாயநீர், பிறகு ஆனோடு.

பதில் 1:
அப்படியானால் முதல் கோளாறே அந்தத் தகடுதான். டைட்டானியம் டை ஆக்சைடு (அனடேஸ்) சுமார் 387 நானோமீட்டருக்குக் கீழுள்ள புற ஊதாவில்தான் வேலை செய்யும். அதில் பெரும்பகுதியைப் பாலிகார்பனேட்டே தடுத்துவிடும், மிச்சத்தைச் சாயம் விழுங்கும். குவார்ட்ஸ் வைக்கலாம், இல்லையென்றால் பூச்சு நீரைத் தொடும்படி ஆனோடையே ஜன்னலாக ஒட்டி, கண்ணாடிப் பக்கத்திலிருந்து ஒளி விடலாம். 0.7 வோல்ட்டை நம்பவேண்டாம். ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் திறந்த சுற்று மின்னழுத்தம் கொஞ்சம்தான் இறங்கும்.

பதில் 2:
கணக்கையும் போட்டுவிடுங்கள். 96,485 கூலும் மின்னூட்டம் (ஒரு மோல் எலக்ட்ரான்) ஓடினால் 8 கிராம் சிஓடி குறையும். 0.2 மில்லிஆம்பியரில் மணிக்கு 0.72 கூலும், அதாவது 0.06 மி.கி. ஜாடியில் இருப்பதோ 150 மி.கி.; 2,500 மணி நேரம் ஆகும்! எல்லாம் சரியாகி 5 மில்லிஆம்பியர் வந்தாலும் 100 மணி. நிறம் போனதை வைத்துச் சுத்தமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அசோ சாயத்தில் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு உடைந்தாலே நிறம் போய்விடும். துண்டுகள் நீரில்தான் இருக்கும்.

சிவப்பு எல்இடிக்கே சுமார் 1.8 வோல்ட் வேண்டும்; உங்கள் ஒரு கலத்தில் எரியாது, பல கலங்கள் வேண்டும். கலங்களைத் தொடராக இணைக்கும்போது ஒரே நீரில் வைக்காதீர்கள், நீர் வழியாகவே மின்சாரம் கசியும். நிழல் விழுந்த கலம் எதிர்த்திசைக்குத் திரும்பிவிடுவதும் உண்டு.

பதில் 3:
சாய நீரில் சமையல் உப்பு (சோடியம் குளோரைடு) இருந்தால் குளோரைடு ஆக்சிஜனேற்றமாகிக் குளோரின் ஆகும். நிறம் வேகமாகப் போகும், ஆனால் குளோரினேறிய கரிமச் சேர்மங்கள் உண்டாகலாம். குளோரைடு சிஓடி அளவையும் ஏற்றிக் காட்டும்; சோதனையில் மெர்க்குரிக் சல்பேட் சேர்க்க மறக்கவேண்டாம்.