அகலமான ட்வின் டிப் ஸ்கீ: 100 மி.மீ. போதுமா, 112 வேண்டுமா?

கேள்வி: கரையோர_ஸ்கீயர்

அனைவருக்கும் வணக்கம். வான்கூவரில் வசிக்கும் நான் ஸ்கீ கற்றுக்கொண்டு ஆறு பருவங்கள் ஆகின்றன. உயரம் 178 செ.மீ., எடை 74 கிலோ. இதுவரை விஸ்லர் பிளாக்கூம் பனிச்சறுக்கு மையத்தில் லிஃப்ட் ஏறித்தான் சறுக்கி வந்தேன். சென்ற பருவத்தில் ஏஎஸ்டி 1 பனிச்சரிவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துவிட்டு, வாடகை உபகரணங்களுடன் டஃபி ஏரிச் சாலைப் பகுதியில் நான்கு நாட்கள் ஏறி இறங்கியதில், லிஃப்ட் இல்லாத மலைகளின் மீது ஆசை பற்றிக்கொண்டது.

என்னிடம் இருப்பது நடு அகலம் 88 மி.மீ. கொண்ட பழைய ஜோடி. விளிம்பு இரும்பு இரண்டு இடங்களில் பெயர்ந்துவிட்டதால் அதற்கு விடை கொடுக்க வேண்டியதுதான். புதிதாக ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும். இரண்டாவதற்குப் பணமும் இல்லை, எங்கள் அடுக்ககத்தில் இடமும் இல்லை. சிறு மேடுகளில் தாவிப் பின்புறமாகத் தரையிறங்கும் பழக்கம் இருப்பதால், பின்முனையும் வளைந்த ட்வின் டிப் வகையையே விரும்புகிறேன். இறுதிப் பட்டியலில் இரண்டு உள்ளன: 112 மி.மீ. அகலமுள்ள சாலமன் கியூஎஸ்டி பிளாங்க், 100 மி.மீ. அகலமுள்ள அட்டாமிக் பென்ட் 100. எதை எடுத்தாலும், ஏறும்போது குதிகாலை விடுவித்து, இறங்கும்போது முழுதாகப் பிடிக்கும் ஷிஃப்ட் பைண்டிங் (காலணியை ஸ்கீயோடு இணைக்கும் கருவி) பொருத்துவதாக உத்தேசம். இந்த 12 மி.மீ. வேறுபாடு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

பதில்: பழைய_சரிவு

தம்பி, 12 மி.மீ. என்பது பக்கத்துக்கு ஆறு மி.மீ.தான். ஆனால் இறுகிய சரிவில் குறுக்காக ஏறும்போது அந்த ஆறு மி.மீ. உங்கள் முழங்காலுக்கு நன்றாகவே தெரியும். ஸ்கீயின் விளிம்பு பூட்டின் (ஸ்கீ காலணியின்) நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு தூரம் கணுக்காலை முறுக்கித்தான் அதைப் பனியில் கடிக்கவைக்க வேண்டும். புதிய பனியில் இதை உணரவே மாட்டீர்கள். முந்தைய நாள் வெயிலில் இளகி இரவில் உறைந்த தடத்தில், மார்ச் மாதக் காலை ஏழு மணிக்கு உணர்வீர்கள். ஏறும் வழியில் பூட்டுக்கு அடியில் மாட்டும் உலோகப் பற்களும் ஸ்கீயின் அகலத்துக்கு ஏற்ற அளவில்தான் வாங்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இருந்தாலும் உங்கள் விஷயத்தில் அகலத்தைவிட எடையே பெரிய கேள்வி என்பேன். பிளாங்க் ஒரு கால் ஸ்கீயே இரண்டு கிலோவைத் தாண்டும். ஷிஃப்ட் பைண்டிங் ஏறத்தாழ 900 கிராம். ஏறும்போது வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் அகலமான ஸ்கின் (பட்டை) அதற்கு மேல். பென்ட் 100 உங்கள் அளவில் 1,800 கிராமை ஒட்டியிருக்கும். அதன் மேல், பூட்டை ஊசிகளால் பிடிக்கும் 400 கிராம் அளவிலான ‘பின்’ (pin) பைண்டிங்கைப் பொருத்தினால், ஒரு காலுக்கு முக்கால் கிலோவுக்கும் மேல் குறைந்துவிடும். 1,000 மீட்டர் உயரம் ஏறும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 12 பாகைச் சாய்வில் போட்ட தடம் என்றால், நடக்கும் தூரம் ஐந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அடிக்கு 70 செ.மீ. என்று வைத்தால் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான அடிகள். அத்தனை அடிகளிலும் அந்த முக்கால் கிலோவை முன்னே தள்ளிக்கொண்டே போக வேண்டும். இறங்குவதோ பதினைந்து நிமிடம்.

ட்வின் டிப் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. கனடிய ஸ்கீயர் மைக் டக்ளஸும் நண்பர்களும் முன்னெடுத்து, 1998-இல் சாலமன் டென்எய்ட்டி என்ற ட்வின் டிப் ஸ்கீ வெளிவந்த கதையில் உங்கள் பிளாக்கூம் பனியாற்றுக்கும் பங்கு உண்டு. அடர்ந்த மரங்களுக்கு இடையே ஸ்கீயின் வால் (பின்முனை) எளிதில் விடுபட்டுத் திரும்புவது, வழி முட்டினால் பின்னோக்கி வந்துவிடுவது ஆகியவை தாவாதவர்களுக்கும் கிடைக்கும் நன்மைகள்.

பதில்: ரெவல்ஸ்டோக்_வாசி

மேலே எழுதியவரின் கணக்கு சரிதான். ஆனால் அது ஏறுகிறவரின் கணக்கு. விஸ்லர் கிராமம் 670 மீட்டர் உயரத்திலும் உச்சி 2,184 மீட்டரிலும் இருப்பதால், மேலே பனி பெய்யும்போது கீழே மழை பெய்வது அங்கே வழக்கம். கடலை ஒட்டிய அந்தப் பனி ஈரமும் கனமும் மிக்கது. காலை பத்து மணிக்குள் எல்லோரும் உழுதுவிட்டுப் போன சரிவில், பிற்பகலில் கட்டி கட்டியாகக் கிடக்கும் அந்தப் பனியின் ஊடே எடை குறைந்த ஸ்கீ வேகமாகப் போனால், ஒவ்வொரு கட்டியும் அதைத் தூக்கி எறியும். அங்கே எடை என்பது சுமையல்ல, உங்களைக் காப்பது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் எங்கள் ரெவல்ஸ்டோக் பக்கத்து உலர்ந்த பனியில் இந்தத் தொல்லை குறைவு என்பதால், இங்கிருப்பவர்களின் அறிவுரையை அப்படியே கரையோரத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஆகவே நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ஒரு பருவத்தில் லிஃப்ட் நாட்கள் எத்தனை, ஏறும் நாட்கள் எத்தனை? முப்பதுக்கு ஐந்து என்றால் தயங்காமல் 112 வாங்குங்கள். அந்த ஐந்து நாட்களில் மெதுவாக ஏறினால் போயிற்று.

கேள்வி கேட்டவர்: கரையோர_ஸ்கீயர்

இருவருக்கும் நன்றி. சென்ற பருவத்தில் இருபது லிஃப்ட் நாட்கள், நான்கு ஏறும் நாட்கள். ஆனால் அடுத்த பருவத்துக்கு முழுப் பருவ லிஃப்ட் அனுமதிச்சீட்டு வாங்கப்போவதில்லை. பத்து நாட்களுக்கு மட்டும் சீட்டு எடுத்துக்கொண்டு, மீதி வார இறுதிகளில் ஏறலாம் என்று இரண்டு நண்பர்களுடன் பேசி வைத்திருக்கிறேன். பிப்ரவரியில் ரோஜர்ஸ் கணவாய்க்கும் போக வேண்டும். வாடகை ஸ்கீயின் வால் தட்டையாக இருந்தது. வளைந்த வாலோடு ஏறும்போது வேறு சிக்கல்கள் உண்டா?

பதில்: தடம்_போடுபவர்

உண்டு, அதுவும் யாரும் கடையில் சொல்லாத சிக்கல். என் முதல் ட்வின் டிப்பில், தட்டை வாலுக்காகச் செய்த கொக்கி உள்ள ஸ்கின்னையே வெட்டிப் பொருத்தியிருந்தேன். ரோஜர்ஸ் கணவாயில், பாலு கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம் (பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர் யாரோ என்று எண்ணிவிட வேண்டாம்). மூன்றாவது வளைவில் திரும்பியபோது, உருண்டையான வாலிலிருந்து கொக்கி பக்கவாட்டில் நழுவியது. நான் கவனிக்கவில்லை. இருபது அடி போவதற்குள் ஸ்கின்னுக்கும் ஸ்கீக்கும் நடுவே பனித்தூள் புகுந்து, பசை முழுவதும் வெள்ளைப் பொடி பூசியதுபோல் ஆகிவிட்டது. மைனஸ் பதினைந்தில் ஒருமுறை நனைந்து உறைந்த பசை மறுபடி ஒட்டாது. ஸ்கின்னை மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துச் சூடாக்கி, தேய்த்துத் துடைத்து, ரப்பர் பட்டைகள் இரண்டை ஸ்கீயைச் சுற்றி இறுக்கிக் கட்டித்தான் அன்று மேலே போனேன். ட்வின் டிப்புக்கென்றே வாலின் வளைவைக் கவ்வும் அகலமான கொக்கியும் இழுத்து இறுக்கும் பட்டையும் உள்ள ஸ்கின் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். அப்போதும் பையில் இரண்டு ரப்பர் பட்டைகள் இருக்கட்டும்.

இன்னொன்று, கிக் டர்ன்: செங்குத்தான தடத்தின் வளைவில் ஒவ்வொரு காலாகத் தூக்கித் திசை திருப்புவது. ட்வின் டிப்பில் பைண்டிங்கைச் சற்று முன்னே, நடுப்புள்ளிக்கு அருகில் பொருத்துவார்கள். காற்றில் சுழல்வதற்கு அது நல்லது. ஆனால் குதிகாலுக்குப் பின்னே நீளும் வாலும் கூடிவிடுவதால், செங்குத்தான இடத்தில் காலைத் தூக்கித் திருப்பும்போது வால் பின்னால் இருக்கும் சரிவில் இடிக்கும். பனி அடுக்குகளைச் சோதிக்கப் பனிக்குழி தோண்டும்போது ஸ்கீயை வால்பக்கமாக நட்டு நிறுத்துவதும் தட்டை வாலில் இருப்பதுபோல் எளிதாக இராது.

மறந்துவிடாதீர்கள்: ரோஜர்ஸ் கணவாயில் ராணுவம் பீரங்கி சுட்டுப் பனிச்சரிவை இறக்கும் பகுதிகள் உண்டு என்பதால், குளிர்கால அனுமதிச்சீட்டு இல்லாமலும் அன்றன்று எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பாராமலும் ஏறக் கூடாது.

பதில்: ரெவல்ஸ்டோக்_வாசி

பத்து லிஃப்ட் நாட்கள் என்றால் என் வாதத்தை நானே திரும்பப் பெறுகிறேன். பென்ட் 100 எடுங்கள். ஆனால் ‘பின்’ பைண்டிங்கை விஸ்லர் மேட்டில் தாவித் தரையிறங்க நான் நம்பமாட்டேன். எடை கூடினாலும் ஷிஃப்ட் போன்றதே உங்களுக்குத் தகும். சுமையை ஸ்கீயில் குறைத்து, பைண்டிங்கில் விட்டுக்கொடுங்கள்.

பதில்: பழைய_சரிவு

தாவும் பழக்கத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். நீளத்தைப் பொறுத்தவரை, இரு முனையும் மேலெழும்பியிருப்பதால் ட்வின் டிப்பில் பனியைத் தொடும் நீளம் எழுதியிருப்பதைவிடக் குறைவு. உங்கள் பழைய ஸ்கீயின் அளவையே எடுத்தால் குட்டையாகத் தோன்றும். 180 செ.மீ.க்குக் கீழே போக வேண்டாம். பைண்டிங்கைத் தயாரிப்பாளர் போட்டிருக்கும் கோட்டிலேயோ, அதற்கு ஒரு செ.மீ. பின்னாலேயோ பொருத்தச் சொல்லுங்கள். உங்கள் சொந்த பூட்டைக் கடைக்குக் கொண்டுபோய், அதை வைத்து அளந்த பிறகே துளையிட விடுங்கள். அவசரத்தில் தவறான இடத்தில் போட்ட துளைக்குப் பக்கத்திலேயே மறு துளை போட முடியாது.