வான்கோழிக்குள்ள ஸ்டஃபிங்: முந்தின ராத்திரியே அடைச்சு வைக்கலாமா?

நவம்பர்மருமகள்:
இந்தத் தடவை வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் பண்டிகைச் சமையல் என் தலையில. 14 பவுண்டு வான்கோழி, பதினஞ்சு பேர். புதன் ராத்திரியே ரொட்டி, செலரி, சாசேஜ் எல்லாம் கலந்து வயித்துல அடைச்சு ஃபிரிட்ஜில வச்சுட்டா காலையில நேரா ஓவன்தான். அத்தை வேண்டாங்கிறாங்க. காரணம் கேட்டா, "நாங்க அப்படிப் பண்றதில்ல." நிஜமாவே ஆபத்தா?

கேன்டீன்காரன்:
நான் உங்க அத்தை கட்சி. பெரிய சமையலறையில வேலை பார்க்கிறவன், இந்த விஷயத்துல கொஞ்சம் கறார்.

அடைச்சு வச்ச வான்கோழியோட நடுப்பகுதி ஃபிரிட்ஜிலயும் சீக்கிரம் குளிராது. பச்சைக் கறிச்சாறு ரொட்டியில ஊறும், சால்மொனெல்லா பாக்டீரியா இருந்தா அங்கேயே பெருகும். மறுநாள் ஓவன் சூடு கடைசியா போய்ச் சேர்றதும் அதே இடம்தான். மேல தோல் பொன்னிறமா இருக்கும், உள்ள ரொட்டி வெதுவெதுன்னு கிடக்கும்.

புதன் ராத்திரி வெங்காயம், செலரியை வதக்கி ஆற வச்சு ஃபிரிட்ஜில வைங்க. சாசேஜை முழுசா வேக வச்சுடுங்க, பச்சையா கலக்கவே கூடாது. காய்ஞ்ச ரொட்டி தனியா இருக்கட்டும். வியாழன் காலையில ஓவனுக்குப் போகும் முன்னாடி எல்லாத்தையும் கலந்து, திணிக்காம தளர்வா வைங்க. யுஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) கணக்கு பவுண்டுக்கு முக்கால் கப், உங்களுக்குப் பத்து கப் சொச்சம். பதினஞ்சு பேருக்குப் பத்தாது, மீதியை ட்ரேயில வேக வைங்க. 325 டிகிரி ஃபாரன்ஹீட்ல நாலு மணி நேரம்னு வச்சுக்கோங்க. ஆனா கடிகாரத்தை நம்பாதீங்க. தெர்மாமீட்டரை ஸ்டஃபிங் நடுவுல குத்தினா 165 காட்டணும். கறி வெந்தும் அது வரலேன்னா, திரும்ப உள்ள தள்ளுங்க.

உறைஞ்ச வான்கோழின்னா ஞாயித்துக்கிழமையே ஃபிரிட்ஜுக்கு மாத்திடுங்க.

ட்ரேகட்சி:
எதுக்கு இவ்வளவு பாடு? மொத்தத்தையும் ட்ரேயில போட்டு, சிக்கன் ஸ்டாக் ஊத்தி பேக் பண்ணுங்க. மேல மொறுமொறுன்னு வரும். எங்க வீட்டுல அந்த ஓரத்துக்குத்தான் சண்டை.

புதுசமையல்:
வான்கோழியிலயே, கறி வெந்தா மேல எழும்புற ஒரு பிளாஸ்டிக் டைமர் குத்தி வருதே, அது எழும்பினா போதாதா?

கேன்டீன்காரன்:
போதாது. அது மார்புக்கறியில இருக்கு, ஸ்டஃபிங் நிலவரம் அதுக்குத் தெரியாது. வெளியே எடுத்ததும் 20 நிமிஷம் விட்டு, அப்புறம் ஸ்டஃபிங்கை முழுசா வழிச்சு எடுத்துடுங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போகணும். எல்லாரும் ஃபுட்பால் பார்க்க உக்கார்ந்துட்டா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க, ஜாக்கிரதை. மூணு நாலு நாளைக்குள்ள காலி பண்ணிடுங்க.

நவம்பர்மருமகள்:
சரி, புதன்கிழமை வதக்கலோட நிறுத்திக்கிறேன். 165-ன்னு அத்தைகிட்ட சொன்னா, செல்சியஸ்ல எவ்வளவுங்கிறாங்க.

கேன்டீன்காரன்:
74.