பொங்கல் வாழ்த்து அட்டை கையால் செய்கிறேன்: மடிப்பு வெடிக்கிறது, தாள் நெளிகிறது. உதவி வேண்டும்

தஞ்சைத் தளிர்:

அனைவருக்கும் வணக்கம். வாழ்த்து அட்டை செய்வதில் நான் புதிது.

போன மாதம் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது அடியில் ஒரு கட்டு பொங்கல் வாழ்த்து அட்டைகள் கிடைத்தன. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மாமா, சித்தி, அம்மாவின் பள்ளித் தோழிகள் என்று ஆளாளுக்கு அனுப்பியவை. கரும்பு, பானை, மாடு, ஓரமெல்லாம் ஜிகினா. ஒன்றின் பின்பக்கம் சின்ன மாமா நீல மையில் "அக்காவுக்கும் அத்தானுக்கும் குட்டிக்கும்" என்று எழுதியிருக்கிறார். குட்டி நான்தான். மாமா இப்போது இல்லை. அம்மா அந்த ஒரு அட்டையை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டார்.

இந்தத் தைப் பொங்கலுக்குச் சொந்தபந்தத்தில் 24 வீடுகளுக்குக் கையால் செய்த அட்டையைத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இதுவரை நான்கு செய்து பார்த்தேன், நான்கும் சரியாக வரவில்லை.

மெரூன் நிற கெட்டி அட்டையை ஏ4 அளவில் வாங்கி இரண்டாக மடித்தேன். மடிப்பில் நிறம் உரிந்து வெள்ளைக்கோடு தெரிகிறது, ஓரம் பிசிறு பிசிறாக வெடிக்கிறது. அதன் மேல் வெள்ளைத் தாளில் கோலம் போட்டு ஒட்டினேன். காய்ந்ததும் அப்பளம் பொரித்தது போல் நெளிந்துவிட்டது. தங்க நிற ஜெல் பேனா, பளபளப்பான தாளில் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டாலும் இழுபடுகிறது. கடைசியில், கடையில் இருந்த எந்தக் கவருக்குள்ளும் அட்டை போகவில்லை.

அட்டை வெட்டும் சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். அதை வாங்கினால் இதெல்லாம் சரியாகுமா? அல்லது நான் எதையோ அடிப்படையிலேயே தவறாகச் செய்கிறேனா?

பைண்டிங் பட்டறை:

மெஷின் வேண்டாம் அம்மா. நீங்கள் சொன்ன எதையும் அது சரிசெய்யாது. உங்களுக்கு முதலில் தெரிய வேண்டியது காகிதம். நான் இருபது வருடமாக பைண்டிங் வேலையில் இருக்கிறேன், அதனால் மடிப்பைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

மெஷினில் தயாராகும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அச்சகத்தில் இதை கிரெயின் என்போம். நார் ஓடும் திசையிலேயே மடித்தால் மடிப்பு வழுக்கிக்கொண்டு விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிகின்றன, நீங்கள் பார்த்த பிசிறு அதுதான். வெள்ளைக்கோட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில நிற அட்டைகளில் நிறம் மேல்பரப்பில் மட்டும்தான் இருக்கும், உள்ளே வெள்ளை. ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைக் கிழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிரெயின் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, தாளை மேஜையில் வைத்து ஒரு பக்கமாக லேசாக வளையுங்கள். மடிக்க வேண்டாம், உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தால் போதும். பிறகு தாளைத் திருப்பி மற்றப் பக்கமாக வளையுங்கள். எந்தப் பக்கம் கை எளிதாக அமுங்குகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு போகும் திசைதான் கிரெயின். சந்தேகம் தீரவில்லை என்றால் கிழித்துப் பாருங்கள். கிரெயினோடு கிழித்தால் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும்.

இப்போது உங்கள் ஏ4 தாளுக்கு வருவோம். அது 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். பெரும்பாலும் நீளவாக்கில்தான் நார் ஓடும். அதை அப்படியே இரண்டாக மடித்தால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழுகிறது. அதே தாளை முதலில் அந்த மடிப்பு விழும் கோட்டிலேயே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் அதன் நீளம் பாதியாகும்படி மடித்துப் பாருங்கள். இப்போது மடிப்பு நாரோடு போகும். கிடைப்பது ஏ6 அளவு, அதாவது 10.5 க்கு 14.8 செ.மீ. உங்கள் அம்மாவின் பெட்டியில் இருக்கும் பழைய அட்டைகளில் பலவும் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும், அளந்து பாருங்கள். 24 அட்டைக்கு 12 தாள் போதும். பெரிய ஷீட்டிலிருந்து கடைக்காரர் வெட்டிக் கொடுத்த தாள் என்றால் கிரெயின் மாறியும் இருக்கலாம், அதனால் முதலில் வளைத்துப் பார்த்துவிடுங்கள்.

மடிப்பதற்கு முன் கோடு அழுத்த வேண்டும். இதை கிரீசிங் என்போம். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். அடியில் நாலைந்து பழைய செய்தித்தாள் வையுங்கள். ஸ்டீல் ஸ்கேலை வைத்து ஒரே சீரான அழுத்தத்தில் இரண்டு முறை இழுங்கள். கோடு போட்ட பக்கம் பள்ளம், மறுபக்கம் மெல்லிய மேடு. அந்த மேடு அட்டைக்கு உள்ளே வருமாறு மடிக்க வேண்டும். பலரும் பள்ளத்தை உள்ளே வைத்து மடிக்கிறார்கள், கெட்டி அட்டையில் அங்கேதான் தோல் வெடிக்கிறது. மடித்த பின் மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்து, கரண்டியின் முதுகால் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். நேரடியாகத் தேய்த்தால் அட்டையில் பளபளவென்று தடம் விழும்.

தாள் வாங்கும்போது 220 முதல் 250 ஜிஎஸ்எம் ஐவரி போர்டு என்று கேளுங்கள். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்லும் எண், ஐவரி போர்டு என்பது வழவழப்பான கெட்டி அட்டை. சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எல்லா வகையும் பார்த்து வாங்கலாம். மற்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கேட்டால், வெட்டி மிஞ்சிய நல்ல போர்டு துண்டுகளைக் கொடுப்பார்கள்.

கோவை காகிதப்பூ:

தளிர், நெளிவு பற்றி நான் சொல்கிறேன், எனக்கும் முதல் வருடம் முழுக்க இதே பிரச்சினைதான்.

வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீரைக் குடித்த நார் உப்பும், காயும்போது சுருங்கும். மேலே ஒட்டிய தாள் மெல்லியது, அடியில் இருக்கும் அட்டை கெட்டி. இரண்டும் ஒரே அளவு உப்பாது, ஒரே அளவு சுருங்காது. அதனால்தான் அப்பளம். நீங்கள் கோலம் போட்டது பிரிண்டருக்கு வாங்கும் 70, 80 ஜிஎஸ்எம் தாளாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதை 120 ஜிஎஸ்எம் தாளாக மாற்றினாலே பாதி நெளிவு போய்விடும்.

தட்டையான பெரிய துண்டுக்கு இருபக்க டேப் அல்லது பசைக்குச்சி போதும். வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால் அட்டையில் தடவ வேண்டாம், ஒட்டப்போகும் துண்டின் பின்பக்கம் பட்டாணி அளவு வைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டின் ஓரத்தால் வழித்துவிடுங்கள். தாள் நனைந்தது போல் நிறம் மாறினால் பசை அதிகம் என்று அர்த்தம். ஒட்டியதும் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு. அவசரப்பட்டு மின்விசிறிக்கு அடியில் காயவைக்காதீர்கள், ஓரம் முதலில் காய்ந்து சுருண்டுவிடும்.

ஜெல் பேனாவுக்கு: பளபளப்புப் பூச்சு உள்ள தாள் மையை உறிஞ்சாது, மை மேலேயே நிற்கும். பூச்சில்லாத தாளுக்கு மாறுங்கள்.

அப்புறம், வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே, அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். நல்ல கெட்டித் தாள், தங்க ஓரம், உள்ளே வழவழப்பான வெற்றிடம் எல்லாம் இருக்கிறது. என் பானைகளெல்லாம் அந்த மெரூன் பக்கங்களிலிருந்து வெட்டியவைதான். பிள்ளையார் படத்தை மட்டும் வெட்டாமல் தனியே எடுத்து வைத்துவிடுவேன்.

அஞ்சல்பெட்டி:

கவர் கடையில் தேட வேண்டியதில்லை, நீங்களே செய்யலாம். அட்டையை ஏ6 அளவுக்கு மாற்றினால் கணக்கு அழகாகச் சேர்ந்துவிடும்.

ஏ4 தாளிலிருந்து 21 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டுங்கள். சதுரத்தின் மூலைவிட்டம் 29.7 செ.மீ. வரும், ஏ4 தாளின் நீளமும் அதேதான். சதுரத்தை வைரம் போல் திருப்பி, நடுவில் அட்டையைப் படுக்கையாக வையுங்கள். இடது வலது மூலைகளை முதலில் மடியுங்கள், இரண்டும் நடுவில் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். கீழ் மூலையை மேலே மடித்து அந்த இடைவெளியை மூடி, ஓரத்தில் மட்டும் பசைக்குச்சி தடவி ஒட்டுங்கள். மேல் மூலைதான் மூடி. மடிக்கும்போது அட்டையை ஒட்டி இறுக்காமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு மடியுங்கள், இல்லாவிட்டால் அட்டை உள்ளே சிக்கிக்கொள்ளும். கடையில் வாங்கியே ஆக வேண்டும் என்றால் சி6 கவர் என்று கேளுங்கள், 11.4 க்கு 16.2 செ.மீ.

எடையையும் பாருங்கள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் கணக்கு. ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 250 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 15.6 கிராம், பாதி தாளில் செய்த உங்கள் அட்டை 8 கிராமுக்குள். 80 ஜிஎஸ்எம் தாளில் செய்த கவர் மூன்றரை கிராம். தபாலில் கடிதத்துக்கு 20 கிராம் வரை ஒரே கட்டணம், அதைத் தாண்டினால் அடுத்த படி. நீங்கள் முதலில் செய்தது போல் முழு ஏ4 அட்டையும் அதற்கேற்ற பெரிய கவரும் என்றால் அலங்காரத்தோடு 20 கிராமைத் தாண்டிவிடும். 24 கவருக்கு அது ஒரு தொகை. மணி, கல், கெட்டிப் பொத்தான் எதையும் ஒட்டாதீர்கள். கட்டுக்கட்டாக முத்திரை குத்தும்போது நசுங்கி, கவரையும் கிழிக்கும்.

நூலும் ஊசியும்:

கோலத்தைக் கையால் 24 முறை புள்ளி வைத்தா போடுகிறீர்கள் சகோதரி? இப்படிச் செய்து பாருங்கள். கிராஃப் தாளில் கோலத்தை ஒரே ஒரு முறை, புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. இடைவெளியில் வரையுங்கள். நான்காக மடித்த துவாலையின் மேல் அட்டையை விரித்து வைத்து, அதன் மேல் கிராஃப் தாளைக் கிளிப் போட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் குண்டூசியால் குத்துங்கள். டப் டப் என்று ஒரு சத்தம் வரும், ஊசி மறுபக்கம் இறங்கிவிட்டது என்று கை உணரும். தாளை எடுத்தால் அட்டையில் வரிசையாகப் புள்ளிகள், அழிக்க வேண்டிய பென்சில் தடமே இல்லை.

அந்தத் துளைகளை இணைத்துப் பேனாவால் வரையலாம். அல்லது எம்பிராய்டரி நூலைக் கோத்து நேர்கோட்டுக் கோலமாகத் தைக்கலாம். தைத்த கோலத்துக்கு வரைந்ததில் வராத ஓர் அழகு உண்டு. உள்பக்கம் முடிச்சுகள் தெரியாமல் இருக்க வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, வாட்டர்கலரில் தொட்டு, ஓரத்தில் பதிக்கச் சொல்லுங்கள். ஐந்து இதழ்ப் பூ விழும். ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டுப் பதிக்க வேண்டும்.

தஞ்சைத் தளிர்:

உங்கள் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மெஷின் வாங்கவில்லை. பக்கத்துத் தெரு அச்சகத்தில் ஐவரி போர்டு கிடைத்தது. வளைத்துப் பார்த்தேன், ஐயா சொன்னது போலவே நீளவாக்கில்தான் நார். அம்மாவின் பெட்டியில் இருந்த அட்டைகளையும் அளந்தேன், நிறைய அட்டைகள் அதே அளவு!

நேற்று இரவு ஆறு அட்டை முடித்தேன். மடிப்பு ஒன்றில்கூட வெடிக்கவில்லை. கோலத்தைச் சிவப்பு நூலில் தைத்தேன். ஒரே ஒரு சிக்கல்: உள்ளே ஒட்டிய வெள்ளைத் தாள், மடித்ததும் ஓரத்தில் வெளியே எட்டிப் பார்க்கிறது. சரியாக அதே அளவில்தான் வெட்டினேன்.

பைண்டிங் பட்டறை:

அதே அளவில் வெட்டியதுதான் காரணம் அம்மா. உள்ளே இருக்கும் தாள் மடிப்பில் அட்டையின் கனத்துக்கு வெளியே தள்ளப்படும். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். தாள் முழுவதும் பசை தடவ வேண்டாம், மடிப்பை ஒட்டி ஒரு பக்கத்தில் மெல்லிய கோடாகத் தடவினால் போதும். பாக்கி தாள்களை மொத்தமாக அச்சகத்தில் கொடுத்தால் கட்டிங் மெஷினில் ஒரே வெட்டில் பிசிறில்லாமல் வெட்டித் தருவார்கள்.

அஞ்சல்பெட்டி:

ஜனவரி முதல் வாரத்துக்குள் பெட்டியில் போட்டுவிடுங்கள். பின்கோடு ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கட்டும். முகவரியை பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள், மழைத்துளி பட்டால் ஸ்கெட்ச் பேனா கரைந்துவிடும்.

தஞ்சைத் தளிர்:

சரி ஐயா, அப்படியே செய்கிறேன். பட்டியலில் 24 பேர் இருந்தார்கள், இப்போது 25. சின்ன மாமாவின் மகள் ஓசூரில் இருக்கிறாள், அவள் முகவரி நேற்றுதான் கிடைத்தது. அவளுக்குப் போகும் அட்டையின் உள்ளே மட்டும் அம்மா தன் கையால் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.