ஊர்ப் படம் கீறுவது பற்றி: முகமாலைப் பக்கத்து வளவுக்காரர்களுக்கு

அன்பான உறவுகளுக்கு, வணக்கம்.

பாரிஸ் மருமகன் போன கிழமை கேட்டது சின்னக் கேள்விதான். பளையில் தென்னந்தோட்டங்கள் பழையபடி காய்க்கின்றன, யாழ்தேவி ரயிலும் ஓடுகிறது, எங்கள் வளவுகள் மட்டும் ஏன் இவ்வளவு காலம் கால் வைக்க முடியாமல் கிடந்தன? அவன் கைக்குழந்தையாக வெளிக்கிட்டவன், தெரியாமல் கேட்டதில் பிழையில்லை. ஆனால் பதில் போட்ட பெரியவர்களில் இரண்டு பேர் "95 இடப்பெயர்வோடு ஊர் போய்விட்டது" என்று எழுதியிருந்தார்கள். அது வலிகாமத்தாரின் கதை. எங்களுடையது போனது 2000 ஏப்ரலில். கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு நாங்கள் அதை வானொலியில் கேட்டோமே தவிரக் கண்ணால் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு ராணுவ முகாம் புலிகள் இயக்கத்திடம் விழுந்தது. மே மாதம் இயக்கம் அரியாலை, கொழும்புத்துறை வரை போய்விட்டது. யாழ்ப்பாணம் இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லாரும் பேசிய நாட்கள் அவை. சாவகச்சேரிப் பட்டினம் ஷெல் அடியில் கற்குவியலாகிப்போனது, செப்டம்பரில் ராணுவம் அதைத் திருப்பிப் பிடித்தது. அப்புறம் சண்டை முன்னரங்கக் கோடு மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டு எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. நின்றது நின்றதுதான், 2008 கடைசி வரை.

ஏன் அங்கே என்பதற்குப் படத்தைப் பார்த்தாலே போதும். மேற்கே கிளாலிக் கடல்நீரேரி, கிழக்கே நாகர்கோவில் கடற்கரை, இடையில் வடமராட்சி நீரேரியின் வால். அந்தக் காலத்தில் குடாநாட்டுக்குள் தரைவழியாகப் போவதென்றால் இந்தக் கழுத்தால்தான் போகவேண்டும். அதைப் பிடித்தவன் கையில்தான் யாழ்ப்பாணம். பட்டினம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது, ஆனால் அதற்கான சண்டை எங்கள் பனங்காணிக்குள் நடந்தது. கிளாலிச் சந்தியோகுமையோர் கோயில் திருவிழாவுக்கு நடந்துபோன அதே பாதைகள்தான்.

2001 ஏப்ரலில் ராணுவம் அக்கினிகீல என்று பெயர் வைத்துப் பளையை நோக்கி வெளிக்கிட்டது, இயக்கம் அதைத் தீச்சுவாலை என்று எதிர்கொண்டது. சில நாள் அடிபாட்டில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் செத்தார்கள், கோடு பழைய இடத்திலேயே இருந்தது. 2006 ஒக்டோபரிலும் 2008 ஏப்ரலிலும் திரும்பத் திரும்ப இதே கதை. ஒரு நாளில் நூற்றுக்கு மேல் உயிர் போயிற்று, நிலம் அசையவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் மண்ணணையை உயர்த்தி, முன்னால் இன்னும் கொஞ்சம் மிதிவெடி புதைத்தன. ராணுவம் புதைத்த வெடிக்குப் பெயர் பி-4, இயக்கம் புதைத்ததற்கு ஜொனி. மருமகனுக்கு நான் சொல்லும் பதில் இதுதான். ஓடிப்போன சண்டை குறைவாக விதைக்கும், நின்ற சண்டை நிறைய விதைக்கும்.

நான் 2003இல் அந்த வழியால் போனேன். ஏ-9 வீதி திறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. ராணுவச் சோதனைச்சாவடியைக் கடந்து, செஞ்சிலுவைச் சங்கத்தார் நின்ற சூனியப் பிரதேசத்தையும் கடந்தால் இயக்கத்தின் சாவடி. வான் ஊர்ந்து ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள், அதற்குப் பின்னால் தலையில்லாத பனைகள். வட்டு இல்லாத பனை கறுத்த தூண் மாதிரி நிற்கும். எங்கள் ஒழுங்கை எது என்று தேடிக்கொண்டே வந்தேன், எழுதுமட்டுவாள் தாண்டியது தெரியாமல் பளை வந்துவிட்டது. பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "கோயில் மணிக்கூண்டு தெரிந்ததா?" என்று கேட்டா. தெரிந்தது என்று பொய் சொன்னேன்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. குடாநாட்டுச் சனம் கப்பலில் வந்த சாமானுக்கு வரிசையில் நின்ற கதை எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன முறை போனபோது மிதிவெடி அகற்றும் பிள்ளைகள் வேலை செய்ததைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பார்த்தேன். பெரும்பாலும் பெண்கள், அந்தப் பகுதிப் பிள்ளைகள். மண்ணுக்குள் ஷெல் துண்டும் ரவையும் அவ்வளவு கிடப்பதால் உலோகம் தேடும் கருவி ஓயாமல் கத்துமாம். அதனால் முழங்காலில் இருந்து, பல்லு வைத்த வாரியால் மண்ணைத் தங்கள் பக்கம் சுரண்டிச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒரு பிள்ளை காலை முழுக்கச் செய்தது ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். அவர்கள் தோண்டிய இடங்களில் சீருடையோடு எலும்புகளும் வந்திருக்கின்றன.

அப்படித் துப்புரவாக்கித் தந்த காணிக்குள்தான் எங்கள் புதுப் பிரச்சினை. யாருடைய காணி எது? காணி உறுதிப் பத்திரம் எல்லாரிடமும் இருக்கிறது. என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். "கிழக்கு ஒழுங்கை, தெற்கு தம்பையாவின் பிள்ளைகளின் வளவு, பங்குக் கிணறும் வழிவாய்க்காலும் உட்பட" என்று நொத்தாரிசு அழகாக எழுதியிருக்கிறார். இப்போது ஒழுங்கையும் இல்லை, கிளுவை வேலியும் இல்லை. வாய்க்காலை மண்ணணை விழுங்கிவிட்டது. வீட்டுக் கற்களும் பனங்குற்றிகளும் பங்கருக்குப் போய்விட்டன, ரயில்பாதையின் சிலிப்பர் கட்டைகளே மிஞ்சவில்லை, எங்கள் வேலியா மிஞ்சும்? நில அளவையாளர் வந்து நின்றால் எங்கிருந்து சங்கிலி பிடிப்பது? மிஞ்சியிருப்பது கிணறுகள் மட்டும்தான், அதுவும் பாதி தூர்ந்தவை. கிணறு அடையாளம் தெரிந்தால் வளவு அடையாளம் தெரியும்.

எங்கள் ஊர்ச் சங்கம் ஆண்டுமலர் அடிக்கலாம், விழா வைக்கலாம், நான் தடுக்கவில்லை. ஆனால் முதலில் ஆளுக்கொரு படம் கீறுங்கள். அளவு சரியாக இருக்கவேண்டும் என்றில்லை. வீடு, கிணறு, படலை எந்தப் பக்கம், வேலியில் பூவரசா கிளுவையா, ஒழுங்கை எங்கே திரும்பியது, ரயில்பாதைக்கு எத்தனை நிமிட நடை. எண்பது தாண்டிய மாமாமார், மாமிமார் வீட்டுக்குக் கடதாசியும் பென்சிலும் கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்து கேளுங்கள். போனில் கேட்டால் வராது. கை கீறும்போதுதான் ஞாபகம் வருகிறது, அம்மாவிடம் நான் கண்டது அதுதான்.

எங்கள் வளவின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன், அம்மா கீறியது. தென்கிழக்கு மூலையில் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்திருக்கிறா. அது எங்கள் பங்குக் கிணறா, பெரியப்பா வீட்டுத் துலாக் கிணறா என்று அவவுக்கு நிச்சயமில்லை. லண்டன் அத்தை அந்தக் கிணற்றில்தான் வாளியை விட்டுவிட்டு அடி வாங்கியவ. யாராவது இந்த மடலை அவவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.