கடற்படையில் இருந்த அப்பா, தாத்தா, மாமா: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

வல்லநாட்டுக்காரி

அப்பா இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது. கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது பாய்லர் பார்க்கும் ஆளாகச் சேர்ந்து சீஃப் பதவி வரை வந்தவர், பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலில் பாய்லர் ரூம், அதனால் காது கொஞ்சம் மந்தம். அதையெல்லாம் விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்தபோது யாரையும் கேட்காமல் ஒரு நீள நோட்டு வாங்கி வந்து, ஸ்கேலால் கோடு போட்டு, வீட்டில் எல்லாருக்கும் கப்பலில் மாதிரி வாட்ச், அதாவது காவல் முறை, பிரித்துவிட்டார். நாலு மணி நேரத்துக்கு ஓர் ஆள். சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை மட்டும் இரண்டாக உடைத்து டாக் வாட்ச், அப்போதுதான் ஒரே ஆளுக்கு தினமும் நடுராத்திரி மாட்டாது என்று அண்ணிக்கு விளக்கம் வேறு. சொல்லிவிட்டு ராத்திரி பன்னிரண்டு முதல் நாலு வரை தினமும் அவரே எடுத்துக்கொண்டார்.

போன வாரம் அந்த நோட்டைப் புரட்டினேன். "0215 இடப்பக்கம் திருப்பினேன். 0250 தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். 0255 திட்டினாள். வார்த்தை தெளிவு." இதைப் பார்த்துத்தான் டாக்டர் அப்போது பேச்சு திரும்புகிறது என்றார். எல்லாம் சரி. நடுவில் ஒரு பக்கத்தில் "0330 மன்னிப்புக் கேட்டேன்" என்று ஒரு வரி. எதற்கு என்று இல்லை. அடுத்த வரி பிரஷர் அளவு. அண்ணனுக்கும் தெரியவில்லை, கேட்க அம்மாவும் இல்லை. நாலு நாளாக இதே யோசனை.

ரெண்டாம் பாய்லர்

விக்ராந்த் பாய்லர் ரூமா! என் சித்தப்பாவும் அங்கேதான். 1971 பாகிஸ்தான் சண்டையில் ஒரு பாய்லரில் விரிசலோடுதான் கப்பலை ஓட்டினார்கள், முழு வேகம் எடுக்கவே முடியாது. அவர்கள் போய் கராச்சியை அடித்துவிட்டு வந்த கதையைச் சின்ன வயதில் எங்களுக்குத் தூக்கம் வரும்வரை சொல்வார்.

கப்பலை 2014இல் மும்பையில் உடைத்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் 2016இல் அந்த இரும்பைச் சேர்த்துப் பெட்ரோல் டேங்க் செய்ததாகச் சொல்லி பஜாஜ் 'வி' பைக் வந்ததே, அதைத் தம்பி வாங்கி வந்தான். சித்தப்பா வாசலில் நின்று டேங்க் மேல் உள்ளங்கையை வைத்தார். நாங்கள் எல்லாம் ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், "பெயின்ட் சரியில்ல"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆனால் அதற்கப்புறம் தினமும் காலையில் அந்த வண்டியைத் துடைத்தது அவர்தான். தம்பியைத் தொடவிடமாட்டார்.

நாகை மைந்தன்

@ரெண்டாம் பாய்லர், சித்தப்பா மேல் மரியாதை உண்டு, ஆனால் விக்ராந்த் கராச்சிக்குப் போகவே இல்லை. அது கிழக்கே, வங்காள விரிகுடாவில் இருந்தது. டிசம்பர் 4ஆம் தேதி அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் அடித்தது இன்றைய வங்கதேசத்தில் உள்ள காக்ஸ் பஜார், சிட்டகாங். கராச்சியை அன்று ராத்திரி தாக்கியவை நிபத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள். அதற்காகத்தான் டிசம்பர் 4 கடற்படை தினம். பசங்களுக்குக் கதை சொல்லும்போது இரண்டையும் கலந்துவிடுகிறார்கள், கேட்கிறவர்களும் அப்படியே பரப்புகிறார்கள்.

இன்னொன்று, எல்லாரும் ஜெயித்த கதையையே சொல்கிறீர்கள். டிசம்பர் 9ஆம் தேதி டையூ பக்கத்தில் நம் போர்க்கப்பல் குக்ரி மூழ்கி 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள், கேப்டன் முல்லா கப்பலோடு போனார். என் தாய்மாமா அப்போது மேற்குப் படையில் வேறொரு கப்பலில். ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 9 அன்று மட்டும் மாமா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடமாட்டார். கடற்படை தினத்துக்கு யாராவது வாழ்த்துச் சொன்னால் "இன்னும் அஞ்சு நாள் போகட்டும்" என்பார். எனக்கு அர்த்தம் புரிந்தது காலேஜ் போன பிறகு.

செல்வி ம

கொஞ்சம் எதிர்க்கட்சியாகப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள். என் அப்பாவும் கடற்படைதான். குடும்பப் பாசம் என்று இங்கே எழுதுவதைப் பார்த்தால் எனக்கு எங்கள் அம்மாதான் ஞாபகம் வருகிறார். எங்கள் ப்ராகிரஸ் கார்டில் அப்பா கையெழுத்தை வருஷக்கணக்கில் போட்டது அம்மா. ஒருமுறை லீவில் வந்திருந்த அப்பா ஆசையாக அவரே போட்டுக் கொடுத்தார். டீச்சர் பார்த்துவிட்டு, "இது உங்க அப்பா கையெழுத்து இல்லையே, யாருடி போட்டது?" என்று வகுப்பில் நிற்கவைத்துவிட்டார். வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார், அப்பா சிரிக்கவில்லை. கார்டை வாங்கி இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். லீவு முடிந்து போகும் முன்பு அம்மா போடுகிற மாதிரி போட அவர் கற்றுக்கொண்டார், அதையும் சொல்லவேண்டும்.

வல்லநாட்டுக்காரி, அந்த 0330 வரி எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. தனியாக ஒரு காரணம் தேவையில்லை.

பென்ஷன் மாமா

நல்ல பதிவுகள். நானும் கப்பல்காரன்தான், பென்ஷனர். என் கதை சின்னது: என் கல்யாண நாளன்று நான் அந்தமானில், தேதி தள்ளிப்போய் வேறு முகூர்த்தம் பார்த்தார்கள், இன்றைக்கும் வீட்டில் குத்திக்காட்டுவார்கள்.

ஆனால் பாசம் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் அப்பாவின் பென்ஷன் ஆர்டரை எடுத்து அதில் அம்மா பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி இனிஷியல்தான். சேரும்போது அங்கே இருந்த கிளார்க் அப்பா பெயரை சர்நேம் ஆக்கிவிடுவார், அம்மா ஆதாரில் ஒரு மாதிரி, சர்வீஸ் ரெக்கார்டில் வேறு மாதிரி. அப்பா உயிரோடு இருக்கும்போதே, மாலுமிகளின் ரெக்கார்டு இருக்கும் மும்பை மான்கூர்டு பியூரோ ஆஃப் செய்லர்ஸுக்கு எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். போன பிறகு விதவை அம்மா அலைய வேண்டியிருக்கும். ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறை வந்த பிறகு வாழ்வுச் சான்றிதழை வருஷம் தவறாமல் கொடுங்கள், போனிலேயே ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டிக் கொடுக்கலாம், தவறினால் பென்ஷன் நின்றுவிடும். சாதாரணக் குடும்ப பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் அந்தப் பெயரும் ரெக்கார்டில் ஏற வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் கார்டு தனி, அதைப் பென்ஷனோடு குழப்பாதீர்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது, போய் உட்காருங்கள், போனில் வேலை நடக்காது.

ஆர்கே பீச்

மேலே உள்ளவர் கேட்காமலே வகுப்பு எடுத்துவிட்டார், இருக்கட்டும், உபயோகம்தான்.

எங்கள் தாத்தா சப்மரீன்காரர். விசாகப்பட்டினம் கடற்கரையில் குர்சுரா என்ற சப்மரீனை மியூசியமாக வைத்திருக்கிறார்களே, 2001இல் ஓய்வு கொடுத்த கப்பல், அங்கே கூட்டிப்போனேன். எண்பது வயது, முழங்கால் வலி. உள்ளே ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டமான ஓட்டைதான் வழி. கைடு "பெரியவரே, தலை பார்த்து" என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே கம்பியைப் பிடித்து, ஒரு காலை விட்டு, உடம்பை மடக்கி அந்தப் பக்கம் போய்விட்டார். நான் தடுக்கி விழுந்தேன். அந்த கைடும் பழைய சப்மரீன்காரர்தான், அப்புறம் இரண்டு பேரும் ஏதோ ஒரு வால்வு பற்றி இந்தியில் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள், பின்னால் வரிசை நிற்கிறது. வெளியே வந்து காரில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கால்வலி உள்ளே எங்கே போயிருந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

வல்லநாட்டுக்காரி

@பென்ஷன் மாமா, நன்றி சார், ஆனால் எங்கள் அம்மா அப்பாவுக்கு முன்பே போய்விட்டார், நான் அதைக் கேட்கவில்லை. @நாகை மைந்தன், எங்கள் அப்பா கராச்சி என்று ஒருநாளும் சொன்னதில்லை, என்னையும் சேர்த்து அடிக்காதீர்கள்.

செல்வி சொன்னதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அப்பா வென்னீர்ப் பையைச் சூடாக வைத்துவிட்டார், அதற்குத்தான் மன்னிப்பு, நீ பெரிசாக எதையும் கற்பனை பண்ணாதே என்கிறார். எந்த நாள் என்று கேட்டால் அண்ணிக்கும் தேதி சொல்லத் தெரியவில்லை.