வீட்டில் செய்த சப்வூஃபர் பெட்டி: குழாய் வாயில் காற்றிரைச்சல், வழி சொல்லுங்கள்

மதுரையில் இருக்கிறேன். வண்டி 2016 ஸ்விஃப்ட். அதன் டிக்கிக்காக நானே செய்த சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டி, ஆழமான பாஸ் வரும் இடங்களில் "புஸ் புஸ்" என்று இரைகிறது. தவிலும் உருமியும் சேர்ந்து முழங்கும் பாடல்களில் தாங்க முடியவில்லை. ஒலியைக் குறைவாக வைத்தால் தொல்லை இல்லை. பாதிக்கு மேல் ஏற்றினால் தொடங்கிவிடுகிறது. ஆடி மாதம் பொருத்திய நாள் முதலே இப்படித்தான்.

பெட்டி 18 மிமீ எம்டிஎஃப் பலகை, வெளியளவு 60 x 35 x 35 செமீ. ஸ்பீக்கரும் குழாயும் அடைக்கும் இடம் போக உள்ளே 50 லிட்டர். பெட்டிக்குள் இருக்கும் காற்று வந்துபோகும் வழியாக (போர்ட்) 10 செமீ உள்விட்டமுள்ள பிவிசி குழாய், நீளம் 31 செமீ. கணக்குப்படி பெட்டியும் குழாயும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண் (ட்யூனிங்) 35 ஹெர்ட்ஸ். 12 அங்குல ஸ்பீக்கர், 500 வாட் மோனோ ஆம்ப்.

மூட்டுகளில் சிலிக்கான் பூசி, ஊதுபத்திப் புகை காட்டிப் பார்த்தேன், கசிவு இல்லை. குழாய் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்கியதில் இரைச்சல் சற்றே தணிந்தது. மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் 30 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதிர்ந்து சத்தம் போடுவது நம்பர் பிளேட்டோ என்று அதைக் கழற்றியும் பார்த்தாயிற்று. குழாயில் துணியை அடைத்தால் சத்தம் அடியோடு நிற்கிறது, ஆனால் நெஞ்சில் வந்து இறங்கும் அந்த ஆழமும் போய்விடுகிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை.

15 செமீ குழாய்க்கு மாறினால் அதே 35 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 75 செமீ நீளம் வேண்டும்; பெட்டியின் நீளமே 60 செமீதான். இதைவிடப் பெரிய பெட்டிக்கு டிக்கியில் இடமில்லை.

இதே அளவுப் பெட்டியில், 35 ஹெர்ட்ஸை விட்டுக்கொடுக்காமல் இரைச்சலைப் போக்கியவர்கள் குழாயை எப்படி அமைத்தீர்கள்?