ஷெங்கன் விசா: பாரிஸில் 5 இரவு, விண்ணப்பம் மட்டும் இத்தாலிக்கா?

மாம்பலத்தான்:
மே மாசம் நானும் வீட்டுக்காரம்மாவும் 10 இரவு ஐரோப்பா போறோம். பாரிஸ் 5, ஸ்விஸ் 3, ரோம் 2. ஏஜென்ட் என்ன சொல்றார்னா, "இத்தாலிக்குப் போட்டா தேதி சீக்கிரம் கிடைக்கும் சார். ரோம்ல 5 இரவுன்னு ஒரு பிளான் டைப் பண்ணித் தரேன். விசா கைக்கு வந்தப்புறம் உங்க இஷ்டம்." எனக்கு வயித்தைக் கலக்குது. செய்யலாமா?

ஊர்சுத்தி:
தாராளமா செய்யுங்க. ஷெங்கன்ல சேர்ந்த 29 ஐரோப்பிய நாட்டுக்கும் ஒரே விசா ஸ்டிக்கர்தான். உள்ளே போயிட்டா ரயில்ல யாரும் வந்து "நீ எந்த நாட்டு விசா"ன்னு கேக்கப் போறதில்லை. நான் ரெண்டு தடவை இப்படித்தான் போனேன், ஒண்ணும் ஆகலை.

கணக்குப்பிள்ளை:
ஒன்றும் ஆகவில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம், விதி இல்லை. எந்த நாடு பயணத்தின் முக்கிய இடமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அப்படி எதையும் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் முதலில் நுழையும் நாடு. மாம்பலத்தார் போடும் கணக்கில் அது சந்தேகமே இல்லாமல் பிரான்ஸ். தவறான தூதரகத்தில் உண்மையான திட்டத்தைக் கொடுத்தால் "எங்கள் பொறுப்பு இல்லை" என்று கட்டணத்தோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதோடு போயிற்று. பொய்த் திட்டம் கொடுத்து விசா வாங்கினால் கதை வேறு. அதை ரத்து செய்ய எல்லையில் நிற்கும் அதிகாரிக்கே அதிகாரம் உண்டு.

ஊர்சுத்தி:
சார், எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். 2025 அக்டோபர் 12-லேருந்து பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலா கைரேகை, முகப்படம்னு கம்ப்யூட்டர் சிஸ்டம் ஆரம்பிச்சிருக்காங்க, சரி. அதுல பதிவாகிறது எங்கே நுழைஞ்சே, எங்கே வெளியேறினே, அவ்வளவுதான். 180 நாள்ல 90 நாளைத் தாண்டினா பிடிக்கும். நான் பாரிஸ்ல எத்தனை ராத்திரி தூங்கினேன்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?

கணக்குப்பிள்ளை:
மெஷினுக்குத் தெரியாது. மனிதர் கேட்பார். என் தங்கை குடும்பம் இதே மாதிரி ஒரு நாட்டு விசாவோடு இன்னொரு நாட்டில் போய் இறங்கியது. அதிகாரி ஸ்டிக்கரில் இருந்த நாட்டின் பெயர் மேல் விரலை வைத்து, "அங்கே எத்தனை இரவு?" என்றார். மாப்பிள்ளை "மூன்று" என்றார். பக்கத்தில் நின்ற 7 வயது மருமகள், ஆங்கிலம் கற்ற பெருமையில், ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள்! ஒன்றரை மணி நேரம் ஓரமாக உட்கார வைத்து, ஹோட்டல் பதிவு ஒவ்வொன்றையும் போனில் திறக்கச் சொன்னார்கள். கடைசியில் விட்டுவிட்டார்கள், ஆனால் அன்று மாலை ரயில் போயே போய்விட்டது.

ஊர்சுத்தி:
😂 குழந்தைகளைத் தனி வரிசையில் நிக்க வைக்கணும். ஆனா விட்டாங்கல்ல?

லாச்சப்பல் அக்கா:
நான் 20 வருசமாப் பாரிசில இருக்கிறன். ரெண்டு பேரும் அரைவாசிதான் சொல்லுறியள். விதியில இரவுக் கணக்கு மட்டும் இல்லை, நோக்கமும் இருக்கு. என்ர அம்மா என்னைப் பாக்க எண்டு வந்தவ. நகரசபையில 30 யூரோ முத்திரை குடுத்து அழைப்புப் பத்திரம் எடுத்து, பிரான்சுக்குத்தான் போட்டனாங்கள். விசா வந்தாப் பிறகு மாமாவுக்குச் சுகமில்லை எண்டு ஜேர்மனியில நாலு நாள் கூட நிண்டவ. அது குற்றமில்லை தம்பி, பயணத்தில திட்டம் மாறும்தானே. போட முதலே மாத்துற எண்ணத்தோட எழுதிக் குடுக்கிறதுதான் பிழை.

கணக்குப்பிள்ளை:
அக்கா சொன்னதுதான் சரியான பிரிப்பு. மாம்பலத்தாரே, இன்னொன்று. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஒரு சலுகை வந்தது. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது பலமுறை போய்வரக்கூடிய 2 வருட மல்டிபிள் விசா கிடைக்க வழி உண்டு, அதன்பின் சாதாரணமாக 5 வருடம். 90 யூரோ கட்டணம், 30,000 யூரோவுக்குக் காப்பீடு, வங்கிக் கணக்கு நகல் என்று ஒவ்வொரு முறையும் அலைவது மிச்சம். ஏஜென்ட்டின் ஒரு பக்கத் தாளுக்காக அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

ஊர்சுத்தி:
சரி, அந்த 2 வருஷ விஷயம் எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்றேன், தேதி கிடைக்காதவனுக்கு விதி பேசிப் பிரயோஜனம் இல்லை. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், கடைசியா 15 நாள் முன்னாடி வரைக்கும்னு விதி சொல்லுது. லீவு சாங்ஷன் ஆகிறதே ரெண்டு மாசம் முன்னாடிதானே?

கணக்குப்பிள்ளை:
அது நியாயமான குறை, மறுக்கவில்லை. அதற்கும் பொய் இல்லாத வழி இருக்கிறது: திட்டத்தையே மாற்றுங்கள். ரோம் 4, ஸ்விஸ் 2, பாரிஸ் 4. இரண்டும் சமம், சுற்றிப் பார்ப்பதுதான் இரண்டு இடத்திலும் நோக்கம். முதலில் ரோமில் இறங்கினால் இத்தாலிக்கு விண்ணப்பிப்பது நேர்மையாகவே சரி. விசா வரும் முன் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள், ரிசர்வேஷன் மட்டும் போதும்.

மாம்பலத்தான்:
இது எனக்குத் தோணவே இல்லை சார்! வீட்டுல கேட்டேன். பாரிஸ்ல ஒரு ராத்திரி குறையறதுக்கு முகம் சுருங்குச்சு. ரோம்ல வாட்டிகனுக்கு ஒரு முழு நாள்னதும் சரின்னுட்டாங்க. ஒரு சந்தேகம்: ஸ்டிக்கர்ல 'தங்கும் நாள்'னு ஒண்ணு, 'செல்லுபடி'ன்னு ஒரு தேதி, ரெண்டும் ஒண்ணா?

லாச்சப்பல் அக்கா:
இல்லை தம்பி. செல்லுபடித் தேதிக்குள்ள எப்பவும் போகலாம், ஆனா நிக்கிறது அதில போட்ட நாள் மட்டும்தான். இறங்கிற நாளும் ஏறுற நாளும் கணக்கில சேரும். 10 இரவு எண்டால் 11 நாள், கவனம்.